முடிவைச் சொல்லிவிடும் மாமி

புத்தகம் வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் மாமியைத் தெருவில் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற பரிகாரியார், பாம்பு கடித்தவன் வீட்டுக்குக்கூட ஆறுதலாக நடந்து போகிற மனிதர், தோளில் கிடந்த சால்வை விழுந்தது தெரியாமல் ஓடியதை என் கண்ணால் கண்டேன். காரணம் வேறொன்றுமில்லை. யார் கையில் எந்த நாவலைக் கண்டாலும் அதன் முடிவை மாமி சொல்லிவிடுவார். "அந்த வக்கீலை நம்பாத மனே, அவன்தான் நஞ்சு வெச்ச" என்று வேலிக்கு மேலால் சொல்லிவிட்டு, மீன்சட்டியோடு குசினிக்குள் போய்விடுவார். நாம் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதைக் கெட்ட குணம் என்று நினைத்துவிடாதீர்கள். மாமிக்கு ஒன்றை அறிந்துகொண்டு சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். தன் நகைப்பெட்டி நெற்பட்டறைக்குள் எந்த மூலையில் புதைந்து கிடக்கிறது என்பதையே ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். தான் திடீரென்று செத்துப் போனால் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்பது அவர் நியாயம். ஊர் முழுக்கத் தெரிந்த இடத்தில் எந்தக் கள்ளன் கை வைப்பான்? அந்தப் பக்கம் ஓர் அந்நியன் தலை காட்டினாலும் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். நகை கடைசி வரைக்கும் பத்திரமாக இருந்தது.

இப்படிப்பட்டவருடைய வீட்டு முன்விறாந்தையில்தான் எங்கள் ஊர் வாசிகசாலை தொடங்கியது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம், உலக யுத்தம் வருவதற்கு முந்திய வருடங்கள் அவை. மாமியின் புருஷன் போடியார், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வட்டை என்கிற பெரிய வயல்வெளிக்குச் சொந்தக்காரர், வாசிகசாலைத் தலைவர். காரியதரிசி நான். முறைக்கு அவர் மனைவி எனக்கு மாமி. பழைய பத்திரிகையும் புத்தகமும் சேர்த்து, முதிரை மரத்தில் கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்றைப் போடியார் தன் செலவில் செய்வித்தார். அதற்குப் பெரிய பூட்டு. பூட்டின் திறப்பு போடியாரின் அரைஞாணில். நான் என் பங்குக்கு விதிகளைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டேன். மௌனம் காக்க வேண்டும், புத்தகங்களை விறாந்தைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கத்தவர் அல்லாதார் தொடக் கூடாது. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த விதிகளில் பிழை ஒன்றும் இல்லை. எழுத்தும் நல்ல எழுத்து.

மாமி முதல் நாளே பலகைக்குக் கீழே சப்பாணி கட்டி இருந்துகொண்டு பத்திரிகையை உரத்து வாசித்தார். நான் பலகையைக் காட்டினேன். வாய்க்குள் வாசிக்கிறது களவு என்றார். பக்கத்தில் இருக்கிறவனுக்குக் காது இருக்கும்போது, தனக்குத் தெரியாமல் ஒருத்தன் எதையோ அறிந்துகொண்டிருக்கிறானே என்று அவன் மனம் நோகாதா என்று என்னையே கேட்டார். பாக்கு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கேட்டார்கள், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். கொழும்பில் நடந்ததெல்லாம் எங்கள் வாவிக்கரையில் நண்டு விற்கிறவளுக்குத் தெரிந்திருந்தது. மௌனம் என்ற சொல்லுக்கு மேல் யாரோ சுண்ணாம்பு தடவியிருந்தார்கள், அது யாரென்று நான் விசாரிக்கவில்லை.

போடியார் விதைப்புக்கு வட்டைக்குப் போகும்போது திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போவார். தூசு தட்டவேண்டும் என்று மாமி அதை வாங்கினார். மறுகா அதை நான் காணவே இல்லை. கேட்டால், அதையும் இரவல் கொடுத்துவிட்டேன், கொண்டுவருவார்கள் என்பார். இரவல் எடுப்பவர்களின் பேரை எழுதிவைக்க நான் தைத்துக் கொடுத்த பதிவேட்டையும் யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டார். அதில் இன்னும் ஒன்றும் எழுதவில்லையே மாமி என்றால், அதனால்தானே அவன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்கிறார். இந்த மனுஷியோடு என்ன செய்வது?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். இரவல் வாங்கிய சட்டியை யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். கறியோ, ரெண்டு கத்தரிக்காயோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி உப்போ போட்டுத்தான் அனுப்புவார்கள். மாமி இதைப் புத்தகத்துக்கும் சட்டமாக்கிவிட்டார். முதலில் இறால் வந்தது, தயிர்முட்டி வந்தது. என் சரித்திரப் புத்தகங்களெல்லாம் கருவாடு மணந்தன. பிறகு, கொண்டுவர ஒன்றும் இல்லாதவன் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார். அங்கேதான் வினை தொடங்கியது.

ஒரு மீன்காரர் உணர்ச்சிவசப்பட்டு, வாவியில் தனக்கு மட்டும் இறால் கிடைக்கிற இடத்தை விறாந்தையில் வைத்துச் சொல்லிவிட்டார். விடிந்தால் ஊர்த் தோணியெல்லாம் அங்கே! மனுஷன் தலைப்பாகையைக் கழற்றி நிலத்தில் அடித்தபடி வந்து, காரியதரிசி யார் என்று கேட்டார். நான் விதிப்பலகைக்குப் பின்னால் நின்றேன். மாமி அமைதியாக, நியாயம்தானே, மற்றவர்களும் தங்கள் தங்கள் இடத்தைச் சொல்லட்டும் என்றார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இருத்தி, சிரித்துச் சிரித்தே வாயைப் பிடுங்கிவிட்டார். அந்த மாரி முழுக்க எல்லாரும் எல்லா இடத்திலும் வலை போட்டார்கள், எல்லாரும் எல்லாரையும் ஏசினார்கள், எல்லா வீட்டிலும் இறால் இருந்தது.

பரிகாரியார் ஒருத்தர்தான் மசியவில்லை. சிவப்புப் பட்டில் சுற்றிய தன் வைத்திய ஏட்டை அவர் பெற்ற மகனுக்கே காட்டியதில்லை. மருந்தைச் சொன்னால் அதன் சத்து போய்விடும் என்பார். புத்தகம் திருப்பும்போதெல்லாம் வாழைப்பழம் கொண்டுவருவார். பழம் போதும், ஒரே ஒரு மருந்து சொல்லுங்கள் என்று மாமி கேட்பார். பரிகாரியார் மேலே கூரையைப் பார்ப்பார்.

அந்த வருடம் வெள்ளாண்மை வெட்டுக்குப் போன போடியார், தன் வட்டைக் குடிசையான வாடியில் சோற்றுப் பானைக்குக் கீழே தன் சொந்தப் புத்தகம் ஒன்று கிடப்பதைக் கண்டார். பக்கத்து வாடியில் இன்னொன்றை ஒருத்தன் உரத்து வாசிக்க, வெட்டுக்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போடியார் தோணியேறி நேரே வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பார்த்தார். உள்ளே ஒரு பஞ்சாங்கமும் பூனைக்குட்டி ஒன்றும் இருந்தன.

அவர் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வருகிற புதன்கிழமை மாவட்டத்தை ஆளும் வெள்ளைக்கார ஏசண்டர் துரை ஊருக்கு வருகிறார், வாசிகசாலையையும் பார்ப்பார் என்று செய்தி வந்திருந்தது. போடியார் சத்தம் போடாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

"வீடு உன்ட. அதில நான் கை வெக்கல்ல. அலுமாரி என்ட. புதன்கிழமை துரை வரக்குள்ள எல்லாப் புத்தகமும் உள்ளுக்க இருக்கணும், கதவு பூட்டி இருக்கணும். ஒண்டு குறைஞ்சாலும் அலுமாரி மண்டூருக்குப் போகும்."

வெளியூர் வாசகருக்கு இதை விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்ணுக்குரியது. ஆண் கலியாணம் முடித்து அவள் வீட்டில் வந்து இருப்பான். அவன் தன்னுடையதென்று எதையாவது பத்திரப்படுத்த நினைத்தால் அக்கா தங்கச்சி வீட்டுக்குத்தான் அனுப்புவான். போடியாரின் அக்கா மண்டூரில் இருந்தார். இளவயதில் புருஷனை இழந்தவர். தன் தாய்வழிக் குடியின் பழைய ஏடு ஒன்றைப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருப்பவர். அது தாயிடமிருந்து மகளுக்குப் போகிற ஏடு, போடியாரே அதைக் கண்ணால் கண்டதில்லை. ஒருமுறை எங்கள் விறாந்தைக்கு வந்து, பெண்கள் வட்டமாக இருந்து நாவல் கேட்பதைக் கண்டு, இப்படி நாவல் படித்தால் அடுப்பில் நெருப்பு நிற்குமா என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனவர். அவர் வீட்டுக்குள் அலுமாரி போனால் அதன் கண்ணாடியைக்கூட ஒருத்தரும் தொடமுடியாது.

மாமி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அலுமாரிக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். விதிப்பலகையை நான் முதல்முறையாக வெறுத்தேன். இதையும் எழுதித்தான் வைக்கவேண்டும்.

வாவியின் இரண்டு கரைக்கும் ஆள் அனுப்பினோம். அடுத்த நாளிலிருந்து ஊரே திருவிழாவாகிவிட்டது. போன புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெறுமனே வருமா? மாமியின் அலுமாரி போகப்போகிறது என்று கேள்விப்பட்டவர்கள், இந்தமுறை கத்தரிக்காய் கொண்டுவரவில்லை. புத்தகத்துக்குப் புத்தகம் கொண்டுவந்தார்கள். வீட்டுக் கூரை வளையில் சொருகிக் கிடந்த அம்மன் பாட்டு ஏடு, மாட்டு வைத்தியம் சொல்கிற மாட்டுவாகடம், கிழிந்த சோதிடம், யாரோ ஒரு பாட்டன் படித்த மிஷன் பள்ளிப் பாடப்புத்தகம். காத்தான்குடியிலிருந்து சீலை விற்க வருகிற காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தான் கொண்டுபோன நாவலோடு ஒரு கிதாபையும் கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன், முழுக்க அறபு எழுத்து. காக்கா, இதை இங்கே யார் வாசிப்பார்கள் என்று நான் கேட்டேன். அவர் சீலைப் பொதியை இறக்கிவைத்துவிட்டு, கிதாபை மடியில் வைத்து உரத்து வாசித்தார். அத்தனையும் தமிழ்! ஒரு தாய் பிள்ளையைத் தாலாட்டுகிற பாட்டு. சுற்றி நின்ற பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எங்கள் தமிழ்தான், வேறு உடுப்பு உடுத்தியிருக்கிறது என்று மாமி கைதட்டிச் சிரித்தார். காக்கா ஒருமுறை வாசித்ததை நாலுமுறை வாசிக்கவைத்தார்கள், அன்றைக்கு அவர் ஒரு சீலையும் விற்கவில்லை.

பரிகாரியார் ஒரு துப்பறியும் நாவலின் முதலாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கையில் வாழைப்பழம் இல்லை. கக்கத்தில் சிவப்புப் பட்டு இருந்தது. அலுமாரி மண்டூருக்குப் போய்விட்டால் இரண்டாம் பாகம் தனக்குக் கிடைக்காது, கொலைகாரன் யாரென்று தெரியாமல் தான் சாகவேண்டி வரும் என்று மெல்லச் சொன்னார். ஏட்டை அலுமாரிக்குள் வைத்தார். பிறகு மாமியைக் கும்பிட்டு ஒன்று கேட்டார். இவ்வளவும் தருகிறேன், முடிவை மட்டும் சொல்லிவிடாதே பிள்ளை என்றார். மாமி தலையாட்டினார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை நான் சரி பார்த்தேன். ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஒன்று இல்லை. காதலியைக் கரையில் விட்டுவிட்டுக் கதாநாயகன் கப்பலேறிப் போகிற நாவல். யார் எடுத்தது மாமி என்று கேட்டேன்.

மாமி பேசவில்லை.

இப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. நகை இருக்கிற இடத்தைச் சொன்னவர், தனக்கு எங்கெங்கே மச்சம் என்பதைக்கூடப் பெண்களிடம் சொன்னவர், வாயை இறுக மூடிக்கொண்டு கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரைச் சொன்னால் நானே போய் வாங்கிவருகிறேன் என்று கெஞ்சினேன். போடியாரும் வந்து கேட்டார். ஒருத்தரின் பேர், அவ்வளவுதானே, சொன்னால் அலுமாரி நிற்கும் என்றார். அவருக்கும் உள்ளுக்குள் அது போகவேண்டாம் என்றுதான் இருந்தது, நான் அறிவேன். மாமி அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"புத்தகத்தில இருக்கிறதெல்லாம் ஊருக்குச் சொல்லலாம். ஆர் வாசிக்கிற எண்டு மட்டும் சொல்லப்படா. அதைச் சொன்னா மறுகா ஒருத்தரும் என்னட்ட வரமாட்டாங்க. அலுமாரி போனாப் போகட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதார். விறாந்தைக்குக் கேட்டது. போடியார் பிடிவாதக்காரர், சொன்ன சொல்லை விழுங்கமாட்டார். அலுமாரி வருகிறது, ஒரு காதல் நாவல்தான் குறைகிறது, இடம் ஒதுக்கி வை என்று அன்றைக்கே மண்டூருக்கு ஆள் அனுப்பினார்.

புதன்கிழமை. மாவிலைத் தோரணம் கட்டியாயிற்று. இளநீர் வெட்டியாயிற்று. ஊர் முழுக்க வளவுக்குள் நின்றது. துரை வரவில்லை. உன்னிச்சைக் குளத்தில் தாரா நிறைய இறங்கியிருக்கிறதாம், சுடுவதற்குத் துவக்கோடு அந்தப் பக்கம் போய்விட்டார் என்று ஒரு சேவகன் வந்து சொன்னான். இளநீரை அவன் குடித்தான். துரை வராவிட்டால் என்ன, சொன்னது சொன்னதுதான் என்று போடியார் வண்டிலைக் கொண்டுவரச் சொன்னார். தோணித்துறைக்குக் கொண்டுபோக மாடு பூட்டி நின்றது. நாலு பேர் அலுமாரியில் கை வைத்தார்கள். மாமி குசினி வாசலில் நின்றார், அழவில்லை, ஆனால் அந்தக் கலகலப்பு முகம் சுண்டிப்போய் இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாவிப் பக்கம் திரும்பினேன். அதனால்தான் மண்டூர்த் தோணியை முதலில் கண்டது நான்.

போடியாரின் அக்கா இறங்கி வந்தார். அலுமாரியை ஏற்றிப்போக அவரே வந்துவிட்டார் என்று எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அவர் வெள்ளைச் சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார். எனக்கு முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"என்னட்டத்தான் இருந்த, தம்பி. அண்டைக்கு ஏசிப்போட்டுப் போகக்குள்ள குசினிப் பக்கத்தால வாங்கின. அவன் திரும்பி வருவான் எண்டு உன்ட பெண்சாதி முதலே சொல்லிப்போட்டா. எண்டாலும் அவன் கப்பலால இறங்கி வாற பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறன். அதை விட மனம் வரல்ல. அதான் தரல்ல."

புருஷன் போய் எத்தனையோ வருடமாக அந்த அம்மாள் சிரித்ததை யாரும் கண்டதில்லை, அழுததையும் கண்டதில்லை. போடியார் அக்காவைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். நேற்றிலிருந்து வாய் திறக்காமல் நின்றவள் யாருக்காக நின்றாள் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. எனக்கும்தான்.

அக்கா வெறுங்கையோடு வரவில்லை. தோணிக்காரன் பின்னால் ஒரு நீளப் பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டகத்தில் கிடந்த குடியேடு. போடியார் அதை அவிழ்த்தார். தன் தாயின் தாயைப் பற்றி, தன் குடி வாவி கடந்து வந்த கதையைப் பற்றி எழுதிக் கிடந்ததைத் தடவித் தடவி, வாய்க்குள் வாசிக்கத் தொடங்கினார்.

"உரத்து வாசிங்க" என்றார் மாமி.

போடியார் உரத்து வாசித்தார். ஊர் கேட்டது. முடிந்ததும் தன் கையாலேயே அதை அலுமாரிக்குள் வைத்தார். வந்த ஏடும் புத்தகமும் கிதாபும் ஏற்கனவே தட்டுகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன, குடியேடோ தட்டைவிட நீளம், ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. போடியார் கதவைச் சாத்தினார். சாத்துப்படவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். நானும் தள்ளினேன். உள்ளேயிருந்து மாட்டுவாகடம் என் காலில் விழுந்தது. அலுமாரிக்குத் தன் வீட்டில் இடமில்லை, இங்கேயே கிடக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். போடியார் அரைஞாணைத் தடவிப் பார்த்தார், திறப்பு எங்கே என்று என்னைக் கேட்டார், நான் மாமியைப் பார்த்தேன், மாமி காக்காவைப் பார்த்தார், காக்கா அது உன்னிச்சையில் யாரிடமோ இருப்பதாகச் சொன்னார். போடியார் சிரித்துவிட்டார். பெண்கள் குரவை போட்டார்கள், வாவிக்கு அந்தப் பக்கம் கேட்கிறமாதிரிப் போட்டார்கள். வண்டில் மாட்டை அவிழ்த்துவிட்டோம்.

மாமிதான் எல்லாரிலும் கூடுதலாகச் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். மச்சாளைக் கட்டிக்கொண்டார், புருஷனைக் கிள்ளினார், எனக்கு ஓர் இளநீரைத் திணித்தார். ஒரு பேரை ஒரு நாள் முழுக்க வாய்க்குள் அடக்கிவைத்திருந்த களைப்பு அவருக்கு. அந்த நேரம் பார்த்துப் பரிகாரியார், இரண்டாம் பாகத்தை நெஞ்சோடு அணைத்தபடி, சந்தோசத்தில் மாமிக்குக் கிட்டப் போனார். போகவேண்டாம் என்று நான் கத்தினேன்.

"அந்தத் தங்கச்சிக்காரிதான் பரிகாரியார், வேற ஆருமில்ல" என்றார் மாமி.

பரிகாரியார் போட்ட கூச்சல் குரவைக்கு மேலால் கேட்டது. ஏட்டைத் திருப்பித் தா என்று அலுமாரிக்கு ஓடினார். அதற்குள் அவருடைய ஏட்டைப் பிரித்து, கரப்பனுக்கு என்ன மருந்து என்று காக்கா உரத்து வாசித்துக்கொண்டிருந்தார், சுற்றி நின்ற பெண்கள் திரும்பச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பரிகாரியார் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு, அந்த வேரை அப்படிச் சொல்லக் கூடாது, காயவைத்து இடிக்கவேண்டும் என்று திருத்தினார்.

விதிப்பலகை பிறகும் தொங்கியது, குளவி கூடு கட்டியது. அலுமாரிக் கதவு பிறகு ஒருநாளும் சாத்துப்படவில்லை. அந்த விறாந்தையில் யார் யார் என்னென்ன வாசித்தார்கள் என்று மாமி தன் கடைசி நாள் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. காரியதரிசியும் விதியை மீறி, குசினிப் பக்கத்தால் வந்து, ஒரு புத்தகத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போயிருக்கிறான். அது என்ன புத்தகம் என்று மாமிக்குத் தெரியும். நீங்கள் அவரிடம் கேட்டிருந்தால், அதன் முடிவை மட்டும் சொல்லியிருப்பார்.